காட்டாமலே இருக்கிறது என்று சொன்ன பாடம்

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். அன்று, புள்ளிகளை இணைக்கும் கோடுகளுக்கு நாணயம் சுண்டிச் சிவப்போ நீலமோ கொடுக்கும் பாடம். நமக்கு வேண்டாத அமைப்பு வருவதற்கான வாய்ப்பு ஒன்றுக்குக் குறைவு, அதாவது அது வந்தே தீரும் என்பதில்லை என்று காட்டினால் போதும். அது வராத ஒரு நிறமிடல் நிச்சயம் உண்டு. அது எது என்று காட்டவே வேண்டியதில்லை.

வத்திராயிருப்பிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். "கண்ணுல காட்டாமலே இருக்குன்னு சொல்லலாமா மேடம்?"

"தாராளமா," என்றேன். மலைக்குப் போன அவள் அப்பாவை ஓடை வெள்ளம் இழுத்துப்போனதும், உடல் கிடைக்காததும் அப்போது எனக்குத் தெரியாது.

மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தன் அம்மாவை என்னிடம் அழைத்து வந்தாள். அந்த அம்மாவின் தாலிக்கயிற்றில் மஞ்சள் ஈரம் காயவில்லை; வாசம் அடித்தது.

"காரியம் பண்ணிருவோம்னு கொழுந்தன்மாரு ஒத்தக்கால்ல நிக்காக டீச்சர். ஆளைக் காட்டாமலே இருக்காகன்னு சொல்ல உங்க கணக்குல வழி இருக்காமே?"

பதறிப்போனேன். "அது புள்ளிக்கும் கோட்டுக்கும்தாம்மா. எல்லா வாய்ப்பையும் எண்ண முடிஞ்சாத்தான் செல்லும். மனுசங்களுக்குப் பொருந்தாது."

"அப்ப, உங்க கணக்கு அவுக இல்லேன்னு சொல்லுதா?"

"இல்லேன்னும் சொல்லாது."

"அம்புட்டுப் போதும்." கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனாலும், 'ஆகவே அப்படி ஒன்று இருக்கிறது' என்று போர்டில் எழுதி முடிக்கும்போதெல்லாம் முதுகுப் பக்கம் ஈர மஞ்சள் வாசம் வருகிறது. வகுப்பைத் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.