பாதி அறைக்கு ஒதுக்கீடு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டில் ஓர் ஊரில் என் வீடு, மற்ற ஊரில் என் நகராட்சி வேலை. எது எங்கே என்று சொல்லப் போவதில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் இதைப் பக்கத்து ஊர்க் கூத்து என்று நினைத்துச் சிரித்துக்கொண்டால் எனக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

கணக்குப் பிரிவில் நான் உதவியாளர். கார்த்திகை பிறந்ததும் ஊரே அகல் விளக்கு வாங்கும். நாங்கள் பட்ஜெட்டைக் கையில் எடுப்போம். அடுத்த வருஷத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படிவம் போகும். அவர்கள் எழுதித் தருவதைத் தொகுத்து, சொத்து வரி எவ்வளவு தேறும், அரசு மானியம் எப்போது வரும் என்று பார்த்து, வரவுக்குள் செலவை அடக்கி, ஆணையரிடம் கையெழுத்து வாங்கி, மார்ச் முடிவதற்குள் மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தால் தலைமுடி கொட்டும்.

எங்கள் அலுவலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எல்லாப் பிரிவும் தேவையைப் போல இரண்டு மடங்கு கேட்கும், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக வெட்டுவோம். தெருவிளக்குப் பிரிவு கேட்கிற பல்புகளை மாட்டினால் மலை உச்சி வரைக்கும் வெளிச்சம் போகும். தெருநாய் கருத்தடைக்குக் கேட்கிற பணத்தைப் பார்த்தால் ஊரில் மனிதர்களைவிட நாய்கள் அதிகமோ என்று சந்தேகம் வரும். வெட்டியதும் அவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். உள்ளுக்குள் ஒரே குஷியாக இருக்கும், ஏனென்றால் வேண்டியது கிடைத்துவிட்டது. எங்களுக்கும் சிக்கனக்காரர்கள் என்ற பெயர் கிடைத்துவிடும். இத்தனை வருஷத்தில் இதனால் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

சாயங்காலம் மம்சாபுரம் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். எங்கள் நகராட்சியில் தூய்மைப் பணி செய்கிற ஒரு பெண்ணும் அதே பஸ்ஸில்தான் வருவார். என் வயதுதான் இருக்கும், மம்சாபுரத்தில் இறங்குவார். உட்கார இடம் இருந்தாலும் பின்படிக்கட்டை ஒட்டி நின்றுகொண்டே வருவார். என் பக்கத்து இருக்கையில் என் கைப்பை உட்கார்ந்து வரும். அது சும்மா உட்காரவில்லை, நான்தான் உட்கார வைத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் மனசு கேட்காமல், "நிக்கீங்களே, உக்கார வேண்டியதுதானே" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. நாள் பூரா குப்பையில நின்னுட்டு அப்படியே வாரேன். பக்கத்துல உக்காந்தா மூக்கைப் பொத்துதாவ. குளிச்சு மாத்திட்டு வர ஒரு இடம் இல்ல. வீட்டுக்குப் போனா பிள்ளை ஓடி வந்து கட்டிக்கிட வருதான், கிட்ட வராத லேன்னு வெரட்ட வேண்டியிருக்கு. ஒரு ரூம் வேணும்னு புது மேற்பார்வையாளர் சார்ட்ட எழுதிக் குடுத்திருக்கோம். நீங்க பாத்துச் செய்யுங்கக்கா."

"பாப்போம்" என்றேன். அரசாங்க அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் சொன்ன மேற்பார்வையாளர் தளவாய்புரத்துக்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து எங்கள் சுகாதாரப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் எழுதாத சட்டத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் இடத்தை அவரே அளந்திருக்கிறார். எத்தனை குழாய், எத்தனை ஓடு, பை மாட்ட எத்தனை கொக்கி, ஒரு நிலைக்கண்ணாடி, சோப்பு வைக்க ஒரு மாடம் என்று கடையில் விலை விசாரித்து, வேண்டிய தொகையை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன்? கம்ப்யூட்டரில் சுகாதாரப் பிரிவின் பக்கத்தைத் திறந்து, சம்பளத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாத் தொகையையும் ஒரே இழுப்பில் இரண்டால் வகுத்தேன். எந்த வரியில் என்ன இருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை. படித்திருந்தால் பஸ்ஸில் கேட்டது ஞாபகம் வந்திருக்கும்.

மன்றக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வரைவைப் பிரிவுகளுக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் என் மேஜைக்கு முன்னால் விறைப்பாக வந்து நின்றார்.

"மேடம், பொம்பளையாளுக குளிக்கிறதுக்கு ரூம் கேட்டேன். பாதி ரூமுக்குத் துட்டு போட்டிருக்கீங்க. சுவரை மட்டும் கட்டட்டுமா, கூரையை மட்டும் போடட்டுமா?"

பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் அந்த வரியைப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க ஏன் சார் ரெண்டு மடங்கா எழுதலை?" என்று அவர்மேலேயே பழியைப் போடப் பார்த்தேன்.

"எம்புட்டு வேணுமோ அம்புட்டுத்தானே மேடம் எழுதணும்?"

எங்கள் பிரிவில் ஐந்து பேர் இருக்கிறோம், ஐந்து பேரும் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க ஆரம்பித்தோம். அவர் சல்யூட் அடிக்காத குறையாகத் திரும்பிப் போனார்.

மொத்தச் செலவை ஆணையர் முடிவு செய்துவிட்டார், அதை மாற்ற முடியாது. ஒரு தலைப்பில் கூட்டினால் இன்னொன்றில் அதே அளவு குறைக்க வேண்டும். கல்வி நிதியைத் தொடக்கூடாது, அது சட்டம். குடிநீர் நிதியும் அப்படித்தான். சாலைப் பணியில் கை வைத்தால் அந்த வார்டு உறுப்பினர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். மத்தியானம் வரைக்கும் பக்கம் பக்கமாகத் தேடினேன். வெட்டாமல் கொழுகொழுவென்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'கணக்குப் பிரிவுக்குக் குளிர்சாதன வசதி.' எங்கள் ஏசி! இரண்டு மடங்காக நான்தான் எழுதினேன். வெட்டுகிற பேனா நம் கையில் இருக்கும்போது நம்மை நாமே வெட்டிக்கொள்வோமா?

பொய்யாகச் சேர்த்த பாதியை எடுத்துப் பார்த்தேன். போதவில்லை. உண்மையான பாதியையும் எடுத்தேன். அறைக்குக் கூரை, குழாய், கொக்கி எல்லாம் வந்துவிட்டது, கண்ணாடி உட்பட.

எங்கள் கணக்கர் நாற்காலியில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிற மனிதர். ஓய்வு பெறுவதற்குள் ஒரு கோடைகாலமாவது ஏசியில் இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. விஷயத்தைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்கு இரக்கம் வந்தா ஒன் வீட்டு ஏசியக் கழட்டிக் குடு. எங்க காத்த ஏம்மா பிடுங்குத?"

"நான் படிக்காம வெட்டிட்டேன் சார். அந்த அக்கா பஸ்ஸுல எங்கிட்டயே சொன்னாவ. அவிய மொகத்துல இனி எப்படி முழிக்கது?"

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மேலே கிறீச்சிடுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "பேனாவக் குடு" என்று கையை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை எனக்கு அன்றைக்குப் பிடித்த அளவு முன்பும் பின்பும் பிடித்ததில்லை. ஆணையர் மறுபேச்சில்லாமல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். மன்றக் கூட்டத்தில் தெருநாய்களைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. குளியல் அறையின் வரியை யாரும் வாய்விட்டுப் படிக்கக்கூட இல்லை, அப்படியே நிறைவேறிவிட்டது.

மறு வருஷம் மாசியில் அறை கட்டி முடிந்து திறந்தார்கள். சித்திரை வெயிலில் எங்கள் பிரிவு அடுப்படி மாதிரி இருந்தது. கணக்கர் இரண்டு துண்டு கொண்டுவர ஆரம்பித்தார். நான் சேலை முதுகோடு ஒட்ட, கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் ஏறினார். தலை வாரி, துவைத்த சேலை கட்டி, முகத்தில் பவுடர் பூசி இருந்தார். நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்தன சோப்பு வாசனை குப்பென்று வந்தது. நான் சிரித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பஸ் பஜாரைத் தாண்டவில்லை, அவர் மூக்கைச் சுருக்கினார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"என்னக்கா இப்படி வேர்த்து நாறுது? தப்பா நெனச்சுக்காதீய, செத்தத் தள்ளி உக்காருங்க" என்றார்.

நான் தள்ளி உட்கார்ந்தேன்.