காற்றுப் படுக்கையின் மோட்டார்

கத்தாரில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்த மூஸா, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நாகூர் வீட்டில், படுக்கைப் புண் வராமலிருக்க மோட்டார் காற்றடைக்கும் காற்றுப் படுக்கையில் கிடந்தான். மற்றவர்கள் தூக்கிப்போட்ட மிக்சியையும் மின்விசிறியையும் சரிசெய்து விற்றுத்தான் அவன் மனைவி கமருன்னிஸா குடும்பத்தை ஓட்டினாள்.

ஒருநாள் படுக்கையின் மோட்டார் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தாள். காற்றைத் தள்ளும் ரப்பர் கிழிந்திருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினாள். அது சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. மறுநாள் மூஸாவின் முதுகில் ஆறியிருந்த புண் மறுபடி வாய் திறந்தது.

பழைய இரும்புக் கடைகளிலெல்லாம் தேடி அலைந்தாள். கடைசியில் ஒரு வீட்டு வாசல் குப்பையில், உடைந்த மீன் தொட்டியோடு அதன் காற்று மோட்டாரும் கிடந்தது.

"அது கருகிப்போச்சு லாத்தா. எடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்றாள் அந்த வீட்டு ஷிஃபா.

"உள்ள இருக்குற ரப்பர் போதும்மா."

ரப்பர் கொஞ்சம் சின்னதாக இருந்தது. கிழிந்துவிடாமல் மெல்ல மெல்ல இழுத்துப் பொருத்தினாள். சுவிட்சைப் போட்டதும் படுக்கை மெல்ல உப்பியது.

"ஓடுதா புள்ள?" என்றான் மூஸா.

"ஓடுது மச்சான்."

ரப்பரின் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு இருந்ததை அவள் சொல்லவில்லை. புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, இன்னொரு மோட்டார் கிடைக்குமா என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.