முண்டியம்பாக்கம் வருவதற்குள் ஒரு அத்தியாயம்

'முப்பதே நாளில் நாவல் எழுதலாம்' என்று போன வாரம் செல்போனில் ஒரு வகுப்பு விளம்பரம் வந்தது. அட்டவணை, நினைவூட்டும் மணி, தினமும் ஓர் ஊக்க வாசகம் எல்லாம் தருவார்களாம். சிரித்துவிட்டேன். நானும் முப்பது நாளில் ஒன்று எழுதியவள்தான். எனக்கு ஊக்க வாசகம் சொல்ல ஜெசிந்தா இருந்தாள்.

அப்போது கல்யாணமாகி இரண்டாம் வருஷம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஸ்கேன் சென்டர் வேலைக்குக் காலை பாசஞ்சரில் போவேன். ஒரு மாதமே கெடு வைத்த நாவல் போட்டி அறிவிப்பைக் கணவரிடம் காட்டினேன். "லீவு லெட்டர் எழுதவே என்னைக் கேக்கற, நீ நாவல் எழுதப் போறியா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் ரயிலில் ஜெசிந்தாவிடம் புலம்பினேன். அவள் முண்டியம்பாக்கத்தில் இறங்கும் லேப் டெக்னீஷியன். டப்பாவைத் திறந்தால் நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடி பெட்டி முழுக்க மணக்கும்.

"கையால எழுதினா ஆவாது. போன்ல பேசு, அதுவே டைப் பண்ணிக்கும். தெனம் நான் எறங்கறதுக்குள்ள ஒரு அத்தியாயம். முடிக்கலன்னா இட்லி கெடையாது."

முதல் நாள் வெட்கத்தில் துப்பட்டாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசினேன். நாலாம் நாள் பெண்கள் பெட்டியே வாயை மூடிக்கொண்டு கேட்டது. போனுக்குத்தான் எங்கள் பேச்சு பிடிபடவில்லை. வேர்க்கடலையை 'மல்லாட்டை' என்றால் 'மல்லாடு' என்று எழுதும். புத்தகத் தமிழில் சொன்னால் ஒழுங்காக எழுதியிருக்கும். சொல்லமாட்டேன். என் கதாநாயகி வளவனூர்க்காரி, அவள் அப்படித்தான் பேசுவாள். சாயங்கால ரயிலில் ஒவ்வொரு சொல்லாகத் திருத்துவேன்.

என் கதாநாயகி மாமியார் வீட்டை விட்டு வந்து தையல் கடை போட்டவள். கடைசி வாரத்தில் பூக்காரம்மா ஒருவர் கெஞ்சினார்: "புருஷன் வூட்டுக்கே அனுப்பிடும்மா. தனியா என்னா பண்ணுவா?"

"அனுப்பாத! மெஷின் வாங்கனது அழகு பாக்கவா?" என்று ஜெசிந்தா எகிறினாள். பெட்டி இரண்டாகப் பிரிந்து கத்தியது. எனக்கு உள்ளூர பயம். வீட்டில் படித்தால் என் கதை என்றுதானே நினைப்பார்கள்? ஆனாலும் நான் அவளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பவில்லை.

முப்பதாம் நாள் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாடை வந்துவிட்டது, கடைசிக் காட்சி பாக்கி. ஜெசிந்தா இறங்க எழுந்திருக்கவே இல்லை. "ஒரு நாள் லேட்டா போனா ரத்தம் ஒண்ணும் கோச்சிக்காது. நீ பேசிக்கினு வா." விழுப்புரம் பிளாட்பாரத்தில் நின்றபடி முடித்து, போட்டிக்கு அனுப்பினேன்.

பரிசு கிடைக்கவில்லை. முடிவை மாற்றி, பேச்சைச் செம்மைப்படுத்தினால் புத்தகமாகப் போடுவதாகப் போட்டி நடத்தியவர்களிடமிருந்து பதில் வந்தது. மாற்றவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் மாற்றமாட்டேன். கணவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்து, "இதுல வர்றவன் நானா?" என்றார்.

"இல்ல. ஆனா அவ நான்தான்."



ஜெசிந்தா குடும்பத்தோடு குவைத் போய்விட்டாள். அந்த பாசஞ்சரும் இப்போது அந்த நேரத்துக்கு வருவதில்லை. பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இல்லாத ஒரு பெண் எங்கே வாழவேண்டும் என்று, வேலைக்குப் போகிற அவசரத்தில் அத்தனை பேர் நின்று சண்டை போட்டதை அதற்கப்புறம் நான் எங்கேயும் பார்க்கவில்லை.