குப்பாயியின் கண்ணும் இறங்கிய எண்ணும்

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பதில் குப்பாயியை மிஞ்ச ஆளில்லை. சாயங்காலம் தராசடியில் கணக்கெழுதும் ரைட்டர் கிலோவைக் கூவும்போது அவள் எண்தான் எல்லாருக்கும் மேலே நிற்கும். எண் ஏறினால் பெருமை, இறங்கினால் கேவலம். இருபது வருஷமாக அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எண்பத்தாறாம் வருஷம் பறிப்பு தொடங்குகிற நேரம் பார்த்து அவளது இடது கண் சிவந்து, குத்தி, வெளிச்சம் பட்டாலே நீராகக் கொட்டியது. பழமும் காயும் ஒன்றுபோலத் தெரிந்தன. கண் போனால் பிழைப்பே போச்சு! பயந்துபோய் சேலத்துக்கு பஸ் ஏறினாள்.

கண் டாக்டர் சாந்தாமேரி விளக்கடித்துப் பார்த்து, கண்ணுக்குள்ளே அழற்சி என்றார். ரத்தம் எடுத்தார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, தானாக நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். பத்தே நாளில் சிவப்பு ஓடிவிட்டது. மாத்திரை பண்ணிய வேலை, பசியோ பசி! முகம் உப்பிப் பணியாரமாகிவிட்டது.

"ஏம்புள்ள, எனக்கும் ஒரு வாய் மிச்சம் வெய்யி" என்று புருஷன் கருப்பண்ணன் கெஞ்ச வேண்டியதாயிற்று.

மூன்றாம் வாரம் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். "உங்க ரத்தத்துல எண்பதா இருந்த எண் முப்பதுக்கு இறங்கிருச்சு" என்று சிரித்த டாக்டர், கூட்டத்தில் அடுத்தவரை அழைத்துவிட்டார்.

குப்பாயிக்கு முகம் செத்துவிட்டது. ஐம்பது போச்சே! மாத்திரைதான் ரத்தத்தைக் குடிக்கிறது என்று அவளே தீர்ப்பு எழுதி, மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டு, ஆட்டு ஈரலும் ராகிக்களியுமாக வெளுத்துக்கட்டினாள். மகராசிக்கு யார் எடுத்துச் சொல்வது?

இரண்டே வாரத்தில் கண் முன்னைவிட மோசமானது. முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு போனவள், ரத்தம் பார்த்து முடித்ததும் முதலில் கேட்டது இதைத்தான்:

"டாக்டரம்மா, எண்ணு ஏறியிருக்குதுங்களா?"

"எண்பத்தஞ்சு. மாத்திரை சாப்பிட்டீங்களா இல்லையா?"

"அத நிறுத்துனதாலதானுங்க ஏறுச்சு!" என்றாள் வெற்றிக் களிப்போடு.

டாக்டருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"காவல் நாய் வீட்டுக்காரரையே கடிக்கிற மாதிரி, உங்க உடம்போட எதிர்ப்பு சக்தி உங்க கண்ணையே கடிக்குது. எண் ஏறுனா கடி அதிகம்னு அர்த்தம். மாத்திரைதான் அதை அடக்குது. இன்னொரு தடவை நிறுத்துனீங்க, இந்தக் கண்ணு திரும்பாது."

குப்பாயி விசும்பி விசும்பி அழுதாள். அப்புறம் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். தை பிறந்ததும் டாக்டரிடம் போனபோது எண் பன்னிரண்டு.

"ஒண்ணுமில்லாம இறங்கிராதுங்களா, டாக்டரம்மா?"

"இது போதும் தாயே! வலது கண்ணை மூடிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்க. என்ன தெரியுது?"

"வேப்பமரமுங்க. மேல காக்கா ஒண்ணு. வாயில குச்சி வெச்சிருக்குதுங்க. குச்சி நுனியில ஒரே ஒரு இலை."

டாக்டர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவருக்குக் காக்காய் மட்டும்தான் தெரிந்தது.