பத்தில் எத்தனை

நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே தாளில் எழுதுவதுதான் எங்கள் வேலை. அப்படி நான் எழுதிய ஒரு எண்ணைப் பல வருடங்களாக நானே நம்பாமல் இருக்கிறேன். கேரள எல்லையில், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. வலி சைபரிலிருந்து பத்துக்குள் எத்தனை, படி ஏற முடிகிறதா, தூக்கம் உண்டா என்று கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்பேன். தாள் மலையாளத்தில், படுத்திருப்பவர்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ். இதே மாதிரித் தாளோடு அலைகிறவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

வலி

பனச்சமூட்டுக்காரர் தாசையன். குடலிறக்க ஆபரேஷனுக்கு மறுநாள், "வலி எத்தனை?" என்று கேட்டேன். "ரெண்டு" என்றார். எழுதினேன். அதைப் பார்த்து ஊசி மருந்தைக் குறைத்துவிட்டார்கள். மத்தியானம் போனால், மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி வியர்த்துக் கிடக்கிறார். மலையாளத்தில் வலி என்றால் புகைப்பது. எனக்குத் தெரியாததல்ல, கேட்கும்போது நினைவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்பது மலையாளம் என்று எடுத்துக்கொண்டு அவர் சொன்ன ரெண்டு, பீடிக் கணக்கு. ஊசி போட்டு அவர் அடங்கிய பிறகு மனைவி லில்லி அக்கா சொன்னார்: "அதுவும் பொய்யாக்கும் சாரே. நாலு வலிப்பாரு."

வேதனை

அதன்பின் 'வேதனை' என்றே கேட்டேன். மலையாளத்தில் உடம்பு வலிக்கு அதுதான் சொல். அடுத்த வருடம் லில்லி அக்காவே முழங்கால் முட்டு மாற்ற வந்தார்.

"வேதனை எத்தனை அக்கா?"

"பத்து."

டாக்டரைக் கூப்பிட எழுந்தவனைக் கைப்பிடித்து உட்காரவைத்தார். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு களியிக்காவிளையில் இருக்கிறாளாம். ஒரு பஸ் தூரம். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தாளில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன். "முட்டுக்கு ஆறு எழுதிக்கிடுங்க. மத்ததுக்குக் கட்டம் வரும்போ சொல்லுங்க."

சைபர்

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். ஒரு பெண்ணின் தோளைப் பிடித்து, படிக்குப் படி நின்று ஏறினார். உட்கார்ந்ததும் கேட்டேன்.

"வேதனையா? சைபர்."

"படி ஏறும்போ?"

"சைபருன்னு எழுதுங்க சாரே."

கண்ணால் பார்த்தது வேறு. ஆனால் நோயாளி சொன்னதுதானே தாளில் வரவேண்டும்? எழுதினேன். சைபரைப் பார்த்த டாக்டர் கால் பயிற்சியை நிறுத்திவிட்டார். கிளம்பும்போது அக்கா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுச் சொன்னார்: "இது என் மகளாக்கும். இப்ப என்கூடத்தான் உண்டு."

அப்போதே டாக்டரிடம் ஓடிப்போய்த் திருத்தியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். போன மாதம் பனச்சமூடு பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார். கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன், அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இத்தனை வருடம் கழித்துக் கேட்டேன்: "அக்கா, அன்னைக்குச் சைபருன்னு சொன்னது முட்டுக்கா, மகளுக்கா?"