நாடாப் புண்

அப்பாவின் குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் போதும், மீதிப் பேர் எல்லாரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். எனக்கு ஏழு வயதில் அம்மா காய்ச்சலில் படுத்தபோதும் அப்படித்தான் ஆனார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் பாரிவாக்கத்தில் எங்கள் ஆட்கள் கல்லறைத் தோட்டமே கதி என்று கிடப்பார்கள். மழைக்குப் புல் இடுப்பளவு ஏறியிருக்கும். அதைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தால்தான் செத்தவர்கள் முன்னால் தலைகாட்ட முடியும். அந்த வருடம் அப்பாவுக்கு அம்பத்தூர் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அம்மாதான் புல்லிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து தாத்தாவின் கல்லறையைச் சுத்தம் செய்தாள்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. தெருமுனை கிளினிக்கில் டெங்கு இல்லை என்றார்கள், டைபாய்டாக இருக்கலாம் என்று ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கொரட்டூரிலிருந்து அத்தை உதவிக்கு வந்தாள். அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போது, இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி இது?"

"தெரில. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல."

"நாடாவ இந்த இறுக்கு இறுக்கிகினா புண்ணு வராம இன்னா பண்ணும்? எனுக்குந்தான் கீது" என்று அத்தை தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இடுப்பில் அந்தக் கறுப்புத் தழும்பு உண்டு. அதனால் அதை யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

பூந்தமல்லியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். உடம்பில் எங்கேயாவது புண் இருக்கிறதா என்று அவர் கேட்டாராம். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். நாடாப் புண்ணைப் போய் ஆம்பளை டாக்டரிடம் சொல்வார்களா? புதரில் இருக்கிற பூச்சி கடித்து வரும் காய்ச்சல் ஒன்று உண்டு என்று சொல்லி, அதற்கும் ரத்தம் எடுத்தார். இல்லை என்று வந்தது.

"சீக்கிரம் எடுத்தா சில பேருக்குத் தெரியாது. மறுபடி எடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

"அப்போ அந்தக் காச்சலு கீதா, இல்லியா சார்?" என்று அப்பா கேட்டார். இருக்கலாம் என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை ரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை டைபாய்டு ஊசியையே தொடரச் சொன்னார். அந்த 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

பெயர் தெரியாத காய்ச்சல் என்றதும், அது ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் வீட்டு டாக்டர்கள் ஏகமனதாக முடிவு செய்தார்கள். அம்மாவுக்குத் தட்டும் டம்ளரும் தனியாயின. என்னைக் கொரட்டூருக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நான் ராத்திரியெல்லாம் அழுதேன். தாங்க முடியாமல் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிவந்தார்.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. நான் ஓடினேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கியே நில்லு பாப்பா. கிட்ட வராத. உனுக்கும் வந்துரும்."

வாசற்படியிலேயே நின்றேன். அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன். மாமா கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவுக்கு மூச்சு முட்டி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா நாடாவைத் தளர்த்திப் பார்த்து, அந்தப் பொருக்கைக் கண்டதுமே இது பூச்சிக்கடிதான் என்று அதற்கான மருந்தை ஆரம்பித்தாள். அதற்குள் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. அம்மா பிழைக்கவில்லை. பூந்தமல்லியில் இரண்டாவதாக எடுத்த ரத்தத்தின் முடிவை வாங்கிவர யாரும் போகவில்லை.

அந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்கு நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு கிடந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.