யன்னலடியில் நின்ற மெற்றில்டா அக்கா

மெற்றில்டா அக்கா இன்று காலை போய்விட்டார்.

பருத்தித்துறையில் தையல்கடை வைத்திருந்தவர். நான் எடுத்த பேய்ப்படத்தைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால்... அந்த யன்னலடியில் முதுகு காட்டி நிற்கும் பெண்.

அவருடைய மகள் டிலானி போன் எடுத்துச் சொன்னாள். "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னேன். வைத்துவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அவர் நடிக்க வந்தவரே இல்லை. உடுப்புத் தைக்கத்தான் கூப்பிட்டோம். உரும்பிராயில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் ஷூட்டிங். பேயாக நடிக்க இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல், அன்றைக்கு வரவில்லை.

மம்மல் பொழுது, இருட்டிக்கொண்டு வந்தது. லைட் பார்க்க யாராவது யன்னலடியில் நிற்க வேண்டும். "அக்கா, அந்தப் பேய்ச் சேலையைச் சும்மா சுத்திக்கொண்டு ஒருக்கா நில்லுங்கோ" என்றேன்.

நின்றார். வெளியே பார்த்தபடி, சும்மாதான் நின்றார்.

அறையில் ஒருவரும் பேசவில்லை. கமரா பிடித்த சுதன் மெல்லிய குரலில் சொன்னான், "அண்ணை, எனக்கு உண்மையாப் பயமாக் கிடக்கு."

அக்கா திரும்பாமலே கேட்டார். "என்ன, ஒருத்தரும் கதைக்கிறியளில்லை? நான் போகட்டோ? பஸ் விட்டிடும்."

அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து அவர்தான் எங்கள் பேய்.

ஏன் பயமாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வலது தோள் கொஞ்சம் சரிந்திருக்கும். மெஷினில் குனிந்து குனிந்து வந்தது என்று அவரே சொல்லுவார்.

ஷொட்டுக்கும் ஷொட்டுக்கும் இடையில் விறாந்தையில் இருந்தபடி பள்ளிக்கூட யூனிஃபோர்முக்குப் பொத்தான் தைப்பார். "நிக்கிறதும் ஒரு நடிப்போ தம்பி?" என்று கேட்டுச் சிரிப்பார்.

பாதிப் படம் முடிந்ததும் ட்ரெய்லர் விட்டோம். முழுக்க அவருடைய முதுகு. "யாழ்ப்பாணத்திலிருந்து இப்படி ஒரு படமா" என்று எத்தனை பேர் ஷெயர் பண்ணினார்கள்... உங்களில் பலரும்தான். நானும் நம்பினேன்.

பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. படம் முழுக்க ஒருத்தி முதுகு காட்டி நின்றால் சனம் என்ன சொல்லும்? கதை விளங்க வேண்டாமா? ஒரு நீளமான ஃபிளாஷ்பேக் எழுதினேன். கடைசியில் அவரைத் திரும்ப வைத்தேன். முகத்தில் வெள்ளைப் பவுடர், கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாயிலிருந்து சிவப்பு.

மேக்கப் போடும்போது, "இது வேணுமோ தம்பி?" என்று கேட்டார்.

"வேணும் அக்கா. சனம் பயப்பிடவேணும்."

"அதுகள் இப்பவே பயப்பிடுதுகள்தானே" என்றார். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினார்.

யாழ்ப்பாணத்தில் முதல் காட்சி. ஒரு மணித்தியாலம் ஹோலில் ஒருவரும் இருமவில்லை. ஃபிளாஷ்பேக் தொடங்கியதும் அங்கொன்று இங்கொன்றாகப் போன் வெளிச்சம்.

பிறகு திரையில் அக்கா திரும்பினார்.

முதலில் ஒருவன் சிரித்தான். "ஆரப்பா, மா இடிச்சிட்டு நேரை வந்திட்டாவோ?" என்று இன்னொருவன் கத்தினான். அதன்பிறகு முழு ஹோலும்...

அக்கா மகளோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். நான் பின்னால், கதவடியில் நின்றேன். அங்கிருந்து அவருடைய முதுகுதான் தெரிந்தது. அசையவில்லை.

லைட் போட முதல் நான் வெளியே போய்விட்டேன். அவரோடு கதைக்கவில்லை. பிறகும் போன் எடுக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வேலையாகப் பருத்தித்துறைக்குப் போனேன். கடைக்குள் இருந்தே கண்டுவிட்டார். "தம்பி! உள்ளுக்கை வாங்கோ."

"அக்கா, அண்டைக்கு..." என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"படத்திலை அந்தக் கடைசித் துண்டை வெட்டிப்போட்டு ஒரு கொப்பி தர ஏலுமோ? என்ரை அண்ணருக்கு அனுப்போணும். ட்ரெய்லர் பாத்திட்டு நெடுகக் கேக்கிறார்."

"அது இல்லாட்டிக் கதை விளங்காதக்கா."

ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார். "முதல் பாதியிலை ஆருக்கு என்ன விளங்கினது? எல்லாரும் மூச்சுக் காட்டாமல் இருந்து பாத்தவையெல்லோ."

நான் "பாப்பம் அக்கா" என்றேன்.

பார்க்கவில்லை. இரண்டு வருடமாகிறது. அவரும் பிறகு கேட்கவில்லை.

இன்று மத்தியானம் டிலானி திரும்பவும் எடுத்தாள். "அண்ணை, மரண நோட்டீசுக்குப் போட அம்மான்ரை நல்ல படம் ஒண்டும் இல்லை. கலியாணவீட்டுப் படம் எல்லாத்திலையும் ஆரின்ரையோ தலைக்குப் பின்னாலை நிக்கிறா. உங்களிட்டை ஏதும் இருக்குமோ?"

இருக்கும் என்றேன். ஹார்ட் டிஸ்கைப் போட்டேன்.

முதுகு. முதுகு. யன்னலும் முதுகும். முகம் தெரிகிற ஷொட் எல்லாவற்றிலும் அந்த மேக்கப்...

பின்னேரம் மூன்று மணிபோல ஒன்று கிடைத்தது. டேக் நடுவில் கரண்ட் போயிருக்கிறது, சுதன் கமராவை நிற்பாட்டவில்லை. அக்கா திரும்பி, "கரண்ட் போயிட்டுதோ?" என்று கேட்டுச் சிரிக்கிறார். யன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில். நாலைந்து செக்கன். கொஞ்சம் கலங்கல்.

அந்தச் சிரிப்பில் ஒரு ஃபிரேமை எடுத்து அனுப்பினேன்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்தேன்.

பிறகு பதில் வந்தது. "ஓம் அண்ணை. இது காணும். இதையே போடுறம்."

நாளை பின்னேரம் பருத்தித்துறையில் திருப்பலி. முடிந்து சேமக்காலையில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நாளைக்கு வாறன் அக்கா...